இரவல் வாங்கிய சரித்திரம்

"இடது கையைக் காட்டு."

"எதுக்கும்மா?"

"காட்டுன்னா காட்டு. உள்ளங்கை இல்ல. முழங்கைக்குக் கீழே, உள்பக்கம்."

அமிர்தவள்ளி ரவிக்கைக் கையை மேலே தள்ளிவிட்டு மேஜையின் குறுக்கே கையை நீட்டினாள். தலைமை நர்ஸ் சாராள் அம்மாள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்தக் கையைப் பார்த்தார். மேஜை மேலிருந்த காகிதத்தைப் பார்த்தார். மறுபடியும் கையைப் பார்த்தார்.

"'எனக்கு ஏழு வயதாயிருக்கையில் தோல் ஷாப்பின் சுண்ணாம்புக் குழியில் விழுந்து இடது கை வெந்துபோயிற்று. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.' இது நீ எழுதினதுதானே?"

"ஆமாம்மா."

"எங்கே தழும்பு?"

அமிர்தவள்ளி தன் கையையே அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள். மாநிறத் தோல், மெல்லிய ரோமம், ஒரு மச்சம். வேறொன்றும் இல்லை.

"சின்னதுல பட்டதும்மா. வளர வளர மறைஞ்சிபோச்சி."

"சுண்ணாம்பு வெந்த தழும்பு மறையாது. இருபது வருஷமா இந்த வேலை பார்க்கறேன்." சாராள் அம்மாள் காகிதத்தை மடித்து மேஜை அறைக்குள் வைத்துப் பூட்டினார். "போ. ஜெயம்மாள் உனக்கு இடம் காட்டுவா. ஞாயித்துக்கிழமை காலை ஜெபத்துல இதை எல்லார் முன்னாலயும் நீ வாசிக்கணும். அதுக்கப்புறம்தான் ரிஜிஸ்தர்ல உன் பேர் ஏறும். தெரியுமில்ல?"

"தெரியும்மா."

அது 1931ஆம் வருஷம், ஆனி மாதத்துத் திங்கட்கிழமை. வாலாஜாபேட்டைக்கு வெளியே, பாலாற்றைப் பார்த்த மாதிரி இருந்த அந்தச் சின்ன மிஷன் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சிக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணும் தன் ஜீவிய சரித்திரத்தைத் தன் கையாலேயே ஒரு முழுத்தாளில் எழுதிக்கொண்டு வர வேண்டும். எங்கே பிறந்தேன், யார் வளர்த்தார்கள், எதற்காக இங்கே வந்தேன் என்று. வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அதை உரக்க வாசிக்க வேண்டும். சாட்சி சொல்வது என்று அதற்குப் பெயர்.

பெண்கள் தங்கியிருந்தது ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த ஒரு பழைய பங்களா. ஒரு காலத்தில் தோல் ஷாப்பு முதலாளி யாரோ கட்டியது. கொல்லைப் பக்கம் தோல் பதனிட்ட குழிகளை மண் போட்டு மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் நடுப்பகல் வெயில் ஏறும்போது அந்த மண்ணிலிருந்து ஊறல் தோலின் வாசனையும் ஆவாரம் பட்டையின் துவர்ப்பும் மெல்ல எழுந்து ஜன்னல்கள் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆம்பூரில் பிறந்து வளர்ந்த அமிர்தவள்ளிக்கு அது பழகிய வாசனைதான். இங்கே மட்டும் அது யாரோ பக்கத்தில் வந்து நிற்பதுபோல் இருந்தது.

அந்தச் சரித்திரம் அவளுடையது அல்ல.

ஆம்பூர் தபாலாபீஸ் வாசலில் உட்கார்ந்து ஜனங்களுக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுக்கும் வேதாசலத்திடம் அவள் போன வாரம் போயிருந்தாள். அவர் எழுதும் எதற்கும் ஒரு நகல் எடுத்துக் கட்டி வைத்திருப்பார். புதிதாக யாராவது வந்தால் அந்தக் கட்டில் ஒத்துவருகிற ஒன்றை உருவி, பேரையும் ஊரையும் மாற்றிக் கொடுப்பார். அதுதான் அவர் தொழில் செய்யும் விதம்.

"எல்லார் கதையும் ஏறக்குறைய ஒண்ணுதாம்மா. பொறந்தது, படிச்சது, பேஜார் பட்டது. இதைப் பார்த்து உன் கையெழுத்துல எழுதிக்கோ."

"இதுல அம்மா செத்துட்டாங்கன்னு இருக்குதே, ஐயா?"

"இருக்கட்டும். அம்மா இருக்குதுன்னு எழுதினா விசாரிக்க ஆள் அனுப்புவாங்க. உங்கம்மாவுக்குப் பொய் சொல்ல வருமா? நாட்றம்பள்ளி சங்கதியை முதல் வாய்லயே கொட்டிடும். அனாதைன்னா கேள்வி கம்மி."

நாட்றம்பள்ளியில் அவளுக்குக் கட்டிக்கொடுத்த புருஷன் இருந்தான். விறகுக் கட்டையால் அவள் தோள் எலும்பை முறித்தவன். தப்பித்து அம்மாவிடம் ஓடிவந்த இந்த இரண்டு வருஷத்தில் இரண்டு முறை தேடிக்கொண்டு வந்துவிட்டான். "மூணாவது தபா வந்தா பொணமாவது என்கூட வரும்" என்று தெரு முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். மிஷன் ஆஸ்பத்திரியில் புருஷன் உயிரோடிருக்கிற பெண்ணைச் சேர்ப்பதில்லை. ஆனால் சேர்ந்துவிட்டால் அந்த மதிலுக்குள் எந்த ஆண்பிள்ளையும் கால் வைக்க முடியாது.

"இது யாரோட கதை?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

"யாரோ ஒரு பொண்ணு. ஆறு வருஷம் இருக்கும். அது இன்னாத்துக்கு உனக்கு?"

அன்று சாயங்காலம் அவள் அவசர அவசரமாக எழுதினாள். கை எழுதிக்கொண்டிருந்தது, மனம் எங்கோ வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு, நீளமான தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தது. பேரை மாற்றினாள். தகப்பன் பேரை மாற்றினாள். தழும்பு என்கிற வார்த்தை அவள் கண்ணில் படவே இல்லை.

புதன்கிழமை காலை, கிணற்றடியில் கட்டுத்துணிகளை அலசிக்கொண்டிருந்தபோது ஜெயம்மாள் சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னாடி இது?"

முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், நாலு விரல் அகலத்துக்குத் தோல் சுருங்கி வெளுத்துப் பளபளவென்று கிடந்தது.

"நேத்து இல்லியே இது. நேத்து எண்ணெய் தேச்சி விட்டேனே உனக்கு!"

அமிர்தவள்ளி சோப்பு போட்டுத் தேய்த்தாள். தேங்காய் நார் வைத்துத் தேய்த்தாள். சுற்றிலும் இருந்த தோல் சிவந்தது. அந்த இடம் மட்டும் சிவக்கவில்லை.

"தூங்கறப்ப நீதான் எதையோ பூசிட்டே."

"நானா? ஆமாண்டி, வெத்தலைக்கே எனக்குச் சுண்ணாம்பு கெடைக்கல, உன் கைக்குப் பூசறேன்! போடி இவளே."

ஜெயம்மாள் சிரித்தாள். அமிர்தவள்ளிக்கு அந்தச் சிரிப்பின் மேல் நம்பிக்கை வரவில்லை. யார் செய்திருப்பார்கள்? பக்கத்துப் பாயில் படுப்பவள் இவள். காகிதத்தைப் படித்தவர் சாராள் அம்மாள். தன்னைச் சோதிக்க இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்களோ? நனைந்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

ஆனால் பூசினால் புண்தான் வரும்.

இது புண் அல்ல.

ஏழு வயதில் வெந்து, அவளோடு கூடவே வளர்ந்து, நீண்டு, பழசாகிப்போன தழும்பு.

குனிந்து வாளியைத் தூக்கும்போது அந்தச் சரித்திரத்தின் அடுத்த வரி தானாக ஞாபகத்துக்கு வந்தது. *எனக்குப் பன்னிரண்டு வயதாயிருக்கையில் என் தாய் வாந்திபேதி கண்டு ஒரே பகலில் இறந்துபோனாள்.*

வாளி கை நழுவிக் கிணற்றுக்குள் போய் விழுந்தது.

அன்று மத்தியானமே அவள் ஒரு தபால் கார்டு எழுதிப் போட்டாள். வேதாசலத்துக்கு. அம்மா எப்படி இருக்கிறாள் என்று உடனே பார்த்து எழுதுங்கள் என்று. ஒரு கார்டு போய்த் திரும்ப மூன்று நாளாவது ஆகும். வாந்திபேதிக்கு ஒரு பகல் போதும்.

வியாழக்கிழமை சாராள் அம்மாள் கூப்பிட்டனுப்பினார். கையைப் பார்த்தார். இந்தத் தடவை கோபப்படவில்லை. பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்து, ஓரமெல்லாம் பழுத்துப்போன ஒரு தாளை எடுத்து அவள் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதே வரிகள். அதே இடத்தில் பத்தி உடைந்திருந்தது. பேர் மட்டும் வேறு. தெபோராள்.

"இந்தக் கை எனக்குத் தெரியும்" என்றார் சாராள் அம்மாள், தழும்பைத் தொடாமலே. "தெபோராள் ஜுரத்துல கிடந்தப்ப ரெண்டு நாள் நான்தான் ஒத்தடம் குடுத்தேன். வந்து ஆறாம் நாள் போய்ட்டா. ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடி. சாட்சி வாசிக்கவே இல்ல. கடைசி வரைக்கும் அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தா. என் கதையை யாராவது வாசிங்களேன், வாசிங்களேன்னு."

"நீங்க வாசிச்சீங்களாம்மா?"

"செத்தவளுக்குச் சாட்சி எதுக்குன்னு விட்டுட்டேன்."

வெளியே தாழ்வாரத்தில் யாரோ வெறுங்காலோடு நடந்து வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. வெயில் மட்டும் விழுந்து கிடந்தது.

சாராள் அம்மாள் புதிதாக ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "உன்னோடதை எழுது. ஞாயித்துக்கிழமைக்குள்ள. நிஜத்தை எழுதினா நீ இங்க இருக்க முடியாம போகலாம். அது என் கையில இல்ல. ஆனா இன்னொருத்தியோடதை வாசிக்காதே."

மறுநாள் பகல் மூன்று மணிக்கு, மற்றவர்கள் வார்டுக்குப் போன பிறகு, சாப்பாட்டுக் கூடத்தில் அவள் தனியாக உட்கார்ந்தாள். பேனாவை மசியில் தோய்த்தாள். வெளியே ஒரு காக்கை கூட இல்லை.

*நான் ஆம்பூரில் பிறந்தேன்* என்று எழுதினாள்.

"நான்… ஆம்பூரில்… பிறந்தேன்."

காதுக்கு மிகவும் பக்கத்தில். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளையைப்போல, ஒவ்வொரு சொல்லாக.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் என்ன இருக்கும் என்பதைவிட, ஒன்றுமே இல்லாமல் இருந்துவிடுமோ என்பதுதான் அதிகப் பயமாக இருந்தது. பேனா மறுபடி நகர்ந்தது. *என் தகப்பனார் நான் பிறக்குமுன்பே இறந்துவிட்டார்.*

"என் தகப்பனார்… நான் பிறக்குமுன்பே…"

சுண்ணாம்பின் காரம் மூக்கில் ஏறியது. பின்கழுத்தில் ஈரக் காற்று பட்டது.

*என் தாய் எல்லம்மா உயிரோடு இருக்கிறாள். அவள்…*

குரல் நின்றுவிட்டது.

அவள் காத்திருந்தாள். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, பசித்த ஒருத்தி எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது.

"எல்லம்மா" என்றது அந்தக் குரல், மிகவும் மெதுவாக. சொல்லிப் பார்ப்பதுபோல. பிடித்துப்போனதுபோல.

அமிர்தவள்ளி தாளை வாரிச் சுருட்டிக்கொண்டு வார்டுக்கு ஓடினாள்.

சனிக்கிழமை மத்தியானத் தபாலில் வேதாசலத்தின் கார்டு வந்தது. கேட்டுக்கு வெளியே நின்ற தபால்காரனிடம் அவளே வாங்கிக்கொண்டாள். *உன் தாயார் சௌக்கியம். முன்னைவிடத் தெம்பாயிருக்கிறாள். ஞாயிறு மதியம் ரயிலேறி உன்னைப் பார்க்க வருகிறாள். கவலை வேண்டாம்.*

அதை நாலு முறை படித்தாள். அம்மா உயிரோடு இருக்கிறாள். அந்த வரி பலிக்கவில்லை. அப்படியென்றால் தழும்பு மட்டும்தான். ஒரு தழும்போடு பிழைத்துக்கொள்ளலாம். நாட்றம்பள்ளியில் வாங்கியது அதைவிடப் பெரிதல்லவா? நிஜத்தை எழுதிக் கொடுத்தால் நாளை சாயங்காலமே மூட்டையோடு ஆம்பூர் ரயிலில் இருப்பாள். அதற்கடுத்த வாரம் அவன் வருவான். மூன்றாவது முறை.

ஒரே ஒரு தடவை வாசித்துவிட்டால் போதும். அம்மா வரும்போது வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்தபின் சாராள் அம்மாள் கூட்டத்தின் முன்னால் அவளை நிறுத்தி, தாழ்ந்த குரலில் கேட்டார். "எந்தத் தாள்?"

அமிர்தவள்ளி நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள். "முதல்ல குடுத்ததேம்மா."

ஆறு வருஷத்துக்கு முன் வாசிக்காமல் விட்டது நினைவு வந்ததோ என்னவோ, சாராள் அம்மாள் தடுக்கவில்லை. வேதப் புத்தகத்துக்குள் வைத்திருந்த அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தார்.

அவள் வாசித்தாள். இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. தன் குரலுக்கு ஒரு சொல் முன்னால் இன்னொரு குரல் போய்க்கொண்டிருந்தது. இப்போது எழுத்துக்கூட்டவில்லை. மனப்பாடமாக, சந்தோஷமாக, அவசரமாக ஓடியது. அதைப் பிடிக்க இவள் பின்னால் ஓட வேண்டியிருந்தது. "என் தாய் வாந்திபேதி கண்டு" என்ற இடத்தில் அவள் நாக்கு ஒட்டிக்கொண்டது. எதிரே பதினாறு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்றுவிடலாம். இப்போதுகூட நின்றுவிடலாம்.

"…ஒரே பகலில் இறந்துபோனாள். அதன்பின் என் சின்னம்மா என்னை வளர்த்தார்கள்."

வாசித்து முடித்தாள். ரிஜிஸ்தரில் பேர் ஏறியது. இனி யாரும் அவளை வெளியே இழுக்க முடியாது.

பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் ஜெயம்மாள் கிசுகிசுத்தாள். "இன்னாடி, உன் கொரல் ரெண்டா கேட்டுது?"

மூன்று மணிக்குக் கேட்டுக்கு வெளியே எல்லம்மா நின்றிருந்தாள். துவைத்த சிவப்புப் புடவை. ஆவாரம் பட்டை சுமந்து சுமந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன கழுத்து. கையில் ஒரு தூக்குச்சட்டி. முகத்தில் ஒரு புதுத் தெளிவு இருந்தது. கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு மகளின் கன்னத்தைத் தடவினாள்.

"எளைச்சிட்டியேம்மா. சோறு கம்மியா போடறாங்களா?"

"நல்லா போடறாங்க. நீ எப்படிம்மா தனியா வந்தே?"

"தனியா எங்க வந்தேன்? நீ அனுப்பின பொண்ணு இருக்குதே. புதன்கெழமை காத்தால வந்துச்சி. 'உங்க பொண்ணு கூட இருந்தவ, அக்காதான் அனுப்பிச்சி'ன்னுது. தங்கமான பொண்ணு. பட்டைக் கூடையைக்கூட என்னைத் தூக்க வுடல. தூங்கறப்பகூட என் முதுகுல ஒட்டிக்கிட்டுதான் தூங்குது. ஒடம்புதான் ஜில்லுனு இருக்குது, பாவம். ரெண்டு போர்வை போத்தியும் சூடு ஏறவே மாட்டேங்குது."

அமிர்தவள்ளியின் கன்னத்திலிருந்த அம்மாவின் கையிலும் சூடு இல்லை. அதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"நான் யாரையும் அனுப்பலம்மா" என்று சொல்ல வாயெடுத்தாள்.

பின்னால் சரளைக் கல்லில் செருப்புச் சத்தம் கேட்டது.

"யார் வந்திருக்காங்க?" என்றார் சாராள் அம்மாள்.

கேட்டின் இரண்டு பக்கமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. 'அம்மா' என்ற சொல் நுனி நாக்கு வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

"எங்க சின்னம்மா" என்றாள். "வளர்த்தவங்க."

எல்லம்மாவின் கை கம்பிகளுக்கு நடுவிலிருந்து மெல்லத் திரும்பிப் போயிற்று. அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். அவ்வளவுதான்.

சாலைக்கு அந்தப் பக்கம், புளிய மரத்து நிழலிலிருந்து ஒருத்தி வெளியே வந்தாள். பதினேழு பதினெட்டு வயது இருக்கும். நடுவகிடு எடுத்து வாரிய தலை. வெயிலில் இறங்கி, அவசரமில்லாமல் நடந்து வந்து, எல்லம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

சாராள் அம்மாளின் வாயிலிருந்து 'தெபோ…' என்று பாதிப் பெயர் வந்து நின்றுவிட்டது. அவர் அமிர்தவள்ளியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் இவர்களை முதலில் பார்க்கவில்லை. எல்லம்மாவின் கையைத் தேடி எடுத்து, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மூடிக்கொண்டாள். எல்லம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் தோளில் மெதுவாகச் சாய்ந்தாள்.

பிறகுதான் அந்தப் பெண் நிமிர்ந்தாள். கோபமில்லாத முகம். நன்றி சொல்ல வந்தவளின் முகம்.

"நல்லா வாசிச்சீங்கக்கா" என்றாள். "ஆறு வருஷமா யாருமே வாசிக்கல."

ஆற்றுப் பக்கமிருந்து துவர்ப்புக் காற்று ஒரு முறை வீசி ஓய்ந்தது.

"அக்கா, உங்கம்மா செத்துட்டாங்கன்னு காத்தால எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. இப்ப இவங்க முன்னாலயும் சொல்லிட்டீங்க. எனக்கும் யாருமில்ல." அவள் கம்பிக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டாள். "இவங்களை நான் என்கூடக் கூட்டிக்கிட்டுப் போகட்டுமாக்கா?"